ஆற்றல், திறன் குழப்பமா இருக்கா? ஈபி மீட்டர் முன்னாடி போய் நில்லுங்க

பத்தாவது பசங்க நிறைய பேரு ஆற்றல், திறன் ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சுட்டு இருக்காங்க, ஃபார்முலாவ மட்டும் மனப்பாடம் பண்ணா பரீட்சை ஹால்ல கண்டிப்பா மாறிடும். வீட்டு டிஜிட்டல் மீட்டர்ல ஒரு குட்டி சிவப்பு லைட் மின்னிட்டே இருக்கும்ல, அதுக்குப் பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தன தடவ மின்னும்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். 3200னு வச்சுக்கோங்க. ஒரு யூனிட்னா 36 லட்சம் ஜூல், அத 3200ஆல வகுத்தா 1125, அதாவது ஒவ்வொரு மின்னலுக்கும் 1125 ஜூல் ஆற்றல் வீட்டுக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு இஸ்திரிப் பெட்டிய மட்டும் போட்டு, அது சூடாகிட்டு இருக்கறப்பவே லைட்டப் பாருங்க. ஒன்றரை செகண்டுக்கு ஒருவாட்டி மின்னுச்சுன்னா 1125ஐ 1.5ஆல வகுங்க, 750 வாட், அதாவது செகண்டுக்கு 750 ஜூல், அதுதான் திறன். பெட்டி மேல போட்டிருக்கற வாட்டோட ஒட்டி வரும் பாருங்க, என் பொண்ணு இதப் பாத்துட்டு கத்தியே விட்டா! ஆக மொத்தம் எத்தன தடவ மின்னுச்சுங்கறது ஆற்றல், எவ்ளோ வேகமா மின்னுதுங்கறது திறன்.

இன்னொண்ணு, கிலோவாட் மணில 'வாட்' வருதேன்னு அத திறனோட அலகுன்னு எழுதிட்டு மார்க்க விட்டுடாதீங்க, அது ஆற்றலோட அலகு, நம்ம கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான்.