சோபா கழுவும்போது கறைத்தடுப்பு கோட்டிங்: விலை போடுவதும் விற்பதும்

எங்கள் அப்பா வேலூர் சத்துவாச்சாரியில் குஷன் கடை வைத்திருந்தார். நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் சோபா கழுவிக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள், "அண்ணே, கோட்டிங்குக்கு எவ்வளவு வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன கோட்டிங் என்று பார்க்க வேண்டும்.

ஆம்பூரில் ஒரு பாய் வீட்டில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "இனிமே கறையே படாதும்மா" என்று அந்த வீட்டம்மாவிடம் சொல்லி, ஐந்து சீட்டுக்கும் அடித்துவிட்டு வந்தேன். இரண்டே வாரத்தில் போன் வந்தது. பிரியாணிக்கு வைத்த எண்ணெய்க் கத்தரிக்காய் சீட்டில் கொட்டி, எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. நான் அடித்தது சிலிக்கான் வகை. அது தண்ணீரை நிறுத்தும், எண்ணெயை நிறுத்தாது. ஃப்ளூரின் சேர்ந்த ஃப்ளூரோ வகைதான் இரண்டையும் தாங்கும். கோட்டிங் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சீட்டையும் மறுபடி கழுவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து "கறை படாது" என்ற சொல்லை நான் சொல்வதில்லை. "கொட்டினா உடனே ஊறாது, துடைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்" என்றுதான் சொல்கிறேன். அதுதான் உண்மை. சூடான மஞ்சள் குழம்பு கொட்டி ராத்திரி முழுக்கக் கிடந்தால் எந்தக் கோட்டிங்கும் காப்பாற்றாது.

இப்போது கணக்கு. டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீர் கலந்தபின் எனக்கு லிட்டர் 300 ரூபாய் அடங்குகிறது. சீட், முதுகு, கைப்பிடி எல்லாம் சேர்த்து ஒரு சீட்டுக்கு 200 மில்லி போகிறது. அது 60 ரூபாய். பையனின் கூலி 20. குறை என்று கூப்பிட்டால் ஒருமுறை போய்ப் பார்த்து வர 20 ஒதுக்குகிறேன். ஆக அடக்கம் 100. நான் வாங்குவது 180. கழுவ சீட்டுக்கு 350 வாங்குகிறேன். கோட்டிங் அதில் பாதியை ஒட்டி இருந்தால் ஜனங்கள் யோசிக்காமல் சரி என்கிறார்கள். பாதியை ரொம்பத் தாண்டினால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். 180-ஐ 120 ஆக்கச் சொன்னால் மருந்தில் தண்ணீரைக் கூட்டி ஒப்பேற்றாதீர்கள். அடிக்கும் இடத்தைக் குறையுங்கள். ஆள் உட்காரும் சீட்டும் கை வைக்கும் கைப்பிடியும்தான் முதலில் அழுக்காகும். அங்கு மட்டும் அடித்து 120 வாங்குங்கள்.

சொல்ல வேண்டிய நேரம், கழுவ ஆரம்பிக்கும் முன். வேலை முடிந்து பில் எழுதும்போது சொன்னால் காசு பிடுங்குவதுபோல் இருக்கும். அப்பா கடையில் மிஞ்சிய சோபாத் துணியில் கையகலத் துண்டு ஒன்று எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். பாதிக்குக் கோட்டிங் அடித்தது, பாதி வெறும் துணி. அந்த வீட்டுக் காபியிலேயே இரண்டு சொட்டு, நல்லெண்ணெயில் இரண்டு சொட்டு விடச் சொல்வேன். நான் விடமாட்டேன், வீட்டுக்காரர் கையாலேயே விடவேண்டும். காட்பாடி காந்தி நகரில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், முத்துபோல் நின்ற சொட்டைக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, விரலால் அழுத்தித் தேய்த்தார். சொட்டு உள்ளே போய்விட்டது. "தேய்ச்சா போயிடுதேப்பா?" என்றார். "ஆமாம் டீச்சர், அதனால தேய்க்காம ஒத்தி எடுக்கணும்" என்றேன். அதற்கப்புறம் அவர் விலையே கேட்கவில்லை.

எல்லோருக்கும் விற்கவும் கூடாது. தோல் சோபாவுக்கும் ரெக்ஸினுக்கும் இது வேண்டாம். அடுத்த வருடம் துணி மாற்றப்போகிறவருக்கும் வேண்டாம். ஃப்ளூரோ மருந்துகள் மண்ணிலும் தண்ணீரிலும் லேசில் அழியாதவை. ஸ்காட்ச்கார்டு என்ற கறைத்தடுப்பு மருந்தைச் செய்யும் த்ரீ எம் கம்பெனியே அதன் பழைய மூலப்பொருளை நிறுத்தப்போவதாக 2000-இல் அறிவித்தது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பாலாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிற ஊர்க்காரன் நான். மிச்ச மருந்தை ஒருநாளும் சாக்கடையில் ஊற்றியதில்லை, அடுத்த வேலைக்கு மூடி வைப்பேன்.

அடிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். முதலில் மறைவான மூலையில் அடித்து நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். துணி லேசான ஈரத்தில் இருக்கும்போதே மெல்லிசாக இரண்டு கை அடித்து, மெத்தென்ற பிரஷால் ஒரே பக்கமாக இழுங்கள். நம் வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் அடித்தால் பரவுவதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும், காலையிலேயே முடித்துவிடுங்கள். முடிந்ததும் ஃபேனைப் போட்டு, ஒருநாள் யாரும் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பில்லில் கோட்டிங்கைத் தனி வரியாக எழுதி, எந்த வகை, எந்தத் தேதி என்று குறியுங்கள். ஆள் உட்கார உட்கார அது தேயும். வருடம் திரும்பியதும் நானே போன் செய்து, "ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கம்மா, நிக்குதா?" என்று கேட்பேன். நின்றால் அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிடுவேன்.