கிளஸ்டரில் ஒரு ஜாபின் மின்செலவைக் குறைப்பது எப்படி

கிளஸ்டர் என்ற கணினித் தொகுப்பில் ஓட்டும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். அதற்காக சிபியுவின் கடிகார வேகத்தில் கைவைக்கும் முன் அளவெடுங்கள். ஜாப் தொடங்கி முடியும்வரை மொத்தம் எத்தனை ஜூல் போனது என்பதுதான் கணக்கு. வாட் குறைந்து நேரம் இழுத்தால் கையைக் கடிக்கும்.

கிளஸ்டரின் கணினிகளுக்கு (நோடுகளுக்கு) ஜாபுகளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்லர்ம் மென்பொருளில் ஆற்றல் கணக்கெடுக்கும் ப்ளக்இன் இயங்கினால், ஜாபின் மொத்த ஜூல் அதன் கணக்குப் பதிவிலேயே கிடைக்கும். நோடு முழுவதையும் தனியாக எடுத்த ஜாபுக்கு மட்டுமே அந்த எண்ணை நம்பலாம். பகிர்ந்த நோடில் பக்கத்து ஜாபின் செலவும் கலந்துவிடும். சிபியுவிலேயே இருக்கும் ஆற்றல் அளவியான ராப்ல் கவுன்ட்டரில் ஃபேன், பவர் சப்ளை, நெட்வொர்க் கார்டு எதுவும் சேராது. முழு நோடுக்கும், சர்வரின் சென்சார்களைப் படிக்கும் ஐபிஎம்ஐ பாருங்கள், ஆனால் சில நொடிகளில் முடியும் ஜாபுக்கு அது உதவாது.

இனி அதே இன்புட்டை டர்போவில் (சிபியு தானாக ஏற்றிக்கொள்ளும் வேகத்தில்) ஒருமுறை, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒருமுறை, 2.0-இல் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு உதாரணக் கணக்கு: 2.8 கிகாஹெர்ட்ஸில் 500 வாட், 100 நிமிடம் என்றால் 833 வாட்-மணி (ஒரு வாட்-மணி 3,600 ஜூல்). மெமரிக்காகக் காத்திருக்கும் புரோகிராம் 2.0-இல் 400 வாட்டில் 106 நிமிடத்தில் முடிந்தால் 707தான். கணக்கீட்டிலேயே மூழ்கியிருக்கும் புரோகிராமுக்கு அதே 400 வாட்டில் நேரம் 140 நிமிடமாகும்; செலவு 933. சிபியு மெதுவாக ஓடினாலும் நோடின் மற்ற பாகங்கள் அத்தனை நேரமும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஆகவே எல்லா ஜாபுக்கும் ஒரே வேகம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜாப் ஸ்கிரிப்டிலேயே தனித்தனியாகக் கொடுங்கள்.

ஒரே ஜாபின் பகுதிகள் (ரேங்குகள்) செய்தி பரிமாறி ஒன்றாக ஓட உதவும் எம்பிஐயில் வேலை சமமாகப் பிரியாவிட்டால், சீக்கிரம் முடித்த ரேங்குகள் பொதுவாகச் சும்மா இருப்பதில்லை. செய்தி வந்ததா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தபடி சிபியு கோரை முழுவீச்சில் ஓட்டும். யூசேஜ் 100 சதவீதம் காட்டும்; எதில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரில் காத்திருப்பு நேரத்தைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். வேகத்தைத் தொடும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

என்விடியா ஜிபியுவில் பவர் லிமிட்டை 50 வாட் படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஜூலைக் குறியுங்கள். இதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். ரீபூட் ஆனால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

அப்படி அமைத்துவைத்தால், சும்மா கிடக்கும் நோடுகளை ஸ்லர்மே அணைக்கும். மீண்டும் எழக் கொடுக்கும் அவகாசம் உண்மையான பூட் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால், நல்ல நோடும் டவுன் (செயல்படவில்லை) என்று குறிக்கப்படும். ஆகவே பூட் நேரத்தை அளந்து, அதற்கு மேல் சில நிமிடங்கள் கூட்டி வையுங்கள்.