காட்டுப்பூக் கையேடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியில் பார்க்கும் காட்டுப்பூவை அடையாளம் காண ஒரு கையேடு வாங்கப் போகும்போது பலர் சறுக்குவது படங்களைப் பார்த்துத்தான். பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தால் புத்தகம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெளியே போய் ஒரு செடி முன்னால் குனிந்து பார்க்கும்போது நமக்குத் தேவைப்படுவது இலைகள் எதிரெதிராக வருகின்றனவா மாறி மாறி வருகின்றனவா, தண்டு உருண்டையா சதுரமா, காய் எப்படி இருக்கும், செடி நிமிர்ந்து நிற்குமா தரையோடு படருமா என்பதெல்லாம்தான். தும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூ என்று தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு பிரிந்த பூ என்று பார்த்தால் நேராகத் துளசிக் குடும்பத்துக்குள் போய்விடலாம்.

நிறவாரியாகப் பிரித்த கையேடு புதியவர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. அதை மட்டுமே நம்புவதுதான் தவறு. உண்ணிச்செடியின் ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் இருக்கும், பூ முதிர முதிர நிறம் மாறுவதால். செங்காந்தள் விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் சிவப்பு. சங்குப்பூ நீலத்திலும் உண்டு, வெள்ளையிலும் உண்டு. இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் வைப்பது? நிறத்தோடு குடும்பவாரியாகவோ, கேள்வி கேள்வியாக வடிகட்டிப் போகும் அட்டவணை மூலமாகவோ தேட இன்னொரு வழி இல்லாத புத்தகத்தை வாங்காதீர்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே புத்தகம் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் செடிகளுக்கு எல்லைக்கோடு தெரியாது, உயரமும் மழையும் மண்ணும்தான் தெரியும். அடும்பு படரும் கடற்கரை மணலுக்கும் குறிஞ்சி பூக்கும் மலைச்சரிவுக்கும் தனித்தனிக் கையேடு இருந்தால் அதுவே மேல்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது முன்னுரை, அதைத்தான் யாரும் படிப்பதில்லை. அந்தப் பகுதியின் எல்லாப் பூக்களும் இருக்கின்றனவா, கண்ணில் படுகிற சிலதை மட்டும் பொறுக்கிப் போட்டிருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும். இது தெரியாமல் போனால், புத்தகத்திலேயே இல்லாத செடியை அதில் இருக்கும் ஏதோ ஒன்றோடு வலுக்கட்டாயமாக ஒட்டவைத்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவோம். மண்ணின் செடிகளை மட்டும் சேர்த்த கையேடுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் வேலியோரத்து உண்ணிச்செடியும் வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவியவை, அவை அதில் இருக்காது.

பழைய புத்தகம் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். செடி மாறுவதில்லை, தாவரவியல் பெயர்தான் மாறுகிறது. நித்தியகல்யாணி பழைய நூல்களில் வின்கா ரோசியா, இப்போது கேதரான்தஸ் ரோசியஸ். பின்னிணைப்பில் உள்ள பெயர்ப் பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தால் பிரச்சினையே இல்லை. உள்ளூர்ப் பெயர் மட்டும் போட்ட புத்தகம்தான் சிக்கல், ஒரே பெயரில் வேறு வேறு செடிகள் இருக்கும்.

மூலிகைப் புத்தகத்தைக் களக் கையேடாகப் பயன்படுத்துவதையும் விடுங்கள். அது பயனைச் சொல்லும், ஒன்றுபோல இருக்கும் வேறொரு செடியிலிருந்து பிரித்துக் காட்டாது.

சரி, கையில் ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது, எப்படிச் சோதிப்பது? நன்றாகத் தெரிந்த ஒரு களைச்செடியை எடுத்துக்கொண்டு, பெயரே தெரியாதது போல அந்தப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். பின்னிணைப்பைத் திறக்காமல் சரியான பக்கத்துக்குப் போக முடியாவிட்டால், தெரியாத பூவுக்கு அது எப்படி வழிகாட்டும்?