ஸ்டெல்லேட் செல் ஆய்வு: முடிவு பிசகும் இடங்கள்

கல்லீரலில் தழும்பு நார் படிவதில் பெரும்பங்கு ஸ்டெல்லேட் செல்களுக்கு. ஈரலின் முதன்மைச் செல்லான ஹெப்பட்டோசைட்டுக்கும் சைனுசாய்டு என்ற நுண் ரத்த நாளத்துக்கும் நடுவே உள்ள டிஸ்ஸே இடைவெளியில், வைட்டமின் ஏ நிறைந்த கொழுப்புத் துளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும். ஈரல் திரும்பத் திரும்பப் பாதிக்கப்பட்டால் துளிகளை இழந்து, நார் சுரக்கும் சுருங்குதிறன் கொண்ட மயோஃபைப்ரோபிளாஸ்டாக மாறி, தழும்பின் நார்ப் புரதமான முதல் வகைக் கொலாஜனைச் சுரக்கத் தொடங்கும். இந்த மாற்றத்தைத் தங்கள் மருந்து தடுப்பதாகச் சொல்லும் ஆய்வேடுகள் ஏராளம். பலவற்றில் உண்மையில் தடுக்கப்பட்டது வேறொன்று.

விலங்கு ஆய்வில் பெரிய பிசகு திட்டம் போடும்போதே நேர்ந்துவிடுகிறது. விலங்கின் ஈரலில் நார் படியவைக்கக் கொடுக்கும் நஞ்சான கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே ஈரலைச் சிதைப்பதில்லை. ஹெப்பட்டோசைட்டில் உள்ள சிஒய்பி2இ1 நொதி அதை டிரைகுளோரோமெத்தில் ரேடிக்கல் என்ற தீவிர வினைத் துகளாக மாற்றிய பிறகே சேதம் தொடங்குகிறது. கீழாநெல்லிச் சாற்றையோ வேறொரு மூலிகைச் சாற்றையோ முதல் நாளிலிருந்தே நஞ்சோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து ‘நார் குறைந்தது’ என்று எழுதினால் என்ன பொருள்? நொதி மட்டுப்பட்டிருக்கலாம். ரேடிக்கல் தணிந்திருக்கலாம். ஸ்டெல்லேட் செல் பக்கம் மருந்து எட்டிப் பார்க்காமலே கூட இருந்திருக்கலாம்.

இதைப் பிரித்தறிய ஒரு சிறு சோதனை போதும். ஒரே ஒரு தடவை நஞ்சு கொடுத்து, மருந்து பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் 24 மணி நேரத்தில் ரத்தத்தில் ஏஎல்டி (ஈரல் செல் சிதையும்போது கசியும் நொதி) பாருங்கள். மருந்துக் குழுவில் அது கணிசமாகக் குறைந்திருந்தால், நீங்கள் கண்டது ஈரல் காப்பு; நார் எதிர்ப்பு என்று அதைச் சொல்ல முடியாது. தயோஅசிட்டமைடு என்ற வேறொரு நஞ்சுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதையும் நஞ்சாக்குவதில் அதே நொதிக்குப் பங்குண்டு. பித்தநாளத்தைக் கட்டும் முறை இந்தச் சிக்கலைத் தாண்டும். ஆனால் அங்கே தொடக்கக் கட்டத்தில் பித்தநாளத்தைச் சுற்றியுள்ள போர்ட்டல் ஃபைப்ரோபிளாஸ்டுகளும் கொலாஜன் சுரக்கும் என்பதால், எல்லாவற்றையும் ஸ்டெல்லேட் செல்லின் கணக்கில் எழுதக் கூடாது.

கார்பன் டெட்ராகுளோரைடு சுண்டெலிக்கு வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிராமுக்கு 0.5 முதல் 1 மைக்ரோலிட்டர் வரை. எண்ணெயில் கலந்து வயிற்றறைக்குள், வாரம் இருமுறை, நான்கு முதல் ஆறு வாரம். நார் படிந்ததை உறுதிசெய்த பிறகே மருந்தைத் தொடங்குங்கள். நஞ்சை நிறுத்திவிட்டு மருந்து கொடுப்பதாக இருந்தால் இன்னொரு பொறி: நிறுத்திய சில வாரங்களில் நார் தானாகவே கரையும், மயோஃபைப்ரோபிளாஸ்டுகளில் ஒரு பகுதி செத்துப்போகும், மறுபகுதி அடங்கிய நிலைக்குத் திரும்பும். மருந்துக் குழுவுக்கு நிறுத்திய அதே நாளில் நஞ்சு நிறுத்தப்பட்டு, வெறும் கரைப்பான் மட்டும் பெற்று, அந்தக் குழுவுக்கு எடுக்கும் அதே நாளில் ஈரல் எடுக்கப்படும் குழு இல்லையென்றால், இயற்கை செய்த வேலைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்ளும்.

செல் வளர்ப்பில் முதல் எதிரி பிளாஸ்டிக் தட்டுதான். நல்ல ஈரலோடு ஒப்பிட்டால் அது லட்சக்கணக்கான மடங்கு கடினம். அந்தக் கடினமே செல்லைத் தூண்டிவிடும். பிரித்தெடுத்த செல் முதல் ஓரிரு நாள் அடங்கியிருக்கும், ஏழாம் நாளில் ஆல்ஃபா எஸ்எம்ஏ (செல் தூண்டப்பட்டதைக் காட்டும் புரதம்) தெளிவாகத் தெரியும். எனவே முதல் நாளில் மருந்து சேர்ப்பது ‘தடுக்கிறதா’ என்ற கேள்வி, ஏழாம் நாளில் சேர்ப்பது ‘திருப்புகிறதா’ என்ற கேள்வி. இரண்டையும் குழப்பக் கூடாது. எல்எக்ஸ்-2 என்ற மனித ஸ்டெல்லேட் செல்வரிசையில் முதல் கேள்வியைக் கேட்கவே முடியாது. அது ஏற்கெனவே பாதி தூண்டப்பட்ட செல். அதை 2 சதவீத சீரத்தில் வளர்ப்பது வழக்கம். பழக்கதோஷத்தில் 10 சதவீதம் ஊற்றினால் சீரத்திலேயே உள்ள டிஜிஎஃப் பீட்டா, பிடிஜிஎஃப் ஆகிய வளர்ச்சிக் காரணிகள் கட்டுப்பாட்டுக் குழுவையும் தூண்டிவிடும். ஓர் இரவு சீரமின்றி வைத்து, பிறகு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஜிஎஃப் பீட்டா சேர்த்தால் வேறுபாடு தெளிவாகும்.

எலியிலிருந்து நேரடியாகப் பிரிப்பவர்கள் வயதும் எடையும் கூடிய எலியை எடுப்பது நல்லது. இளம் எலியில் வைட்டமின் ஏ குறைவு. கொழுப்புத் துளி போதாமல் செல் அடர்த்தி அடுக்கில் மேலே மிதக்காது. ஈரல் திசுவைக் கரைத்துச் செல்லைப் பிரிக்கும் கொலாஜனேஸ் நொதிக்குக் கால்சியம் வேண்டும், ஆகவே ஈரலைக் கழுவும் கால்சியமற்ற முதல் கரைசலை முழுதாக வெளியேற்றிவிட்டு நொதியைச் செலுத்துங்கள். செத்த செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைச் சேர்க்க மறந்தால் செல்கள் பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும். சுமார் 328 நானோமீட்டர் ஒளியில் வைட்டமின் ஏ நீலப்பச்சையாக ஒளிர்ந்து சட்டென மங்கும். மங்காமல் நிற்கும் ஒளி வைட்டமின் ஏ ஆக இருக்காது. ஈரலின் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்கள் கலந்துள்ளனவா என்பதைத் தனிக் குறியீட்டால் பாருங்கள். 1876-ல் ஸ்டெல்லேட் செல்லை முதலில் விவரித்த குப்ஃபரே பின்னாளில் அதை விழுங்கு செல்களோடு குழப்பிக்கொண்டார். 1971-ல் கென்ஜிரோ வாகே வந்துதான் அந்தச் சிக்கல் அவிழ்ந்தது.

மரபணு அளவீட்டில் செல் சட்டகப் புரதமான பீட்டா ஆக்டினின் மரபணுவை ஒப்பீட்டுக்கு எடுப்பது தவறு. தூண்டப்படும்போது செல்லின் சட்டகமே மாறுகிறது, அளவுகோலும் கூடவே நகரும். ஆல்ஃபா எஸ்எம்ஏ குறைந்ததைக் காட்டும் ஒவ்வொரு படத்தோடும் அதே செறிவில், அதே நேரத்தில் செல் உயிர்ப்புச் சோதனை இருக்க வேண்டும். செத்த செல்லும் கொலாஜன் சுரக்காது.