முதியோர் வாசிப்பு வட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பிள்ளைகள் திருப்பூர், கோவை, பெங்களூரு என்று இறங்கிப் போய்விட்ட வீடுகள் நிறைய. அங்கே தனியாக இருக்கும் பெரியவர்களை வாரம் ஒரு நாள் ஒன்றாக உட்காரவைத்து ஒரு கதையைச் சத்தமாகப் படித்தால், கதைக்கு அப்புறம் பேச்சு தானாக வரும். அந்தப் பேச்சுக்காகத்தான் இவ்வளவும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்களைப் பார்த்தால் மகிழ்ச்சிதான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் தடுக்கிய இடங்களிலேயே அவர்களும் தடுக்குகிறார்கள். நாற்காலி, டீ எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கண்ணில் படாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆளுக்கு ஒரு பத்தி படிக்கச் சொல்வது

இதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லோருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் புத்தகத்தைக் கைமாற்றிக்கொண்டே வருவார்கள். வட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருப்பார் என்று யாரும் நினைப்பதில்லை.

இந்த மலையில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களைப் போட்டார்கள். சின்ன வயதிலேயே கொழுந்து பறிக்கப் போன பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஏது? அவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். ஹட்டிகள் என்கிற படகர் ஊர்களிலும் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் அப்படித்தான்.

எங்கள் வட்டத்துக்கு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். கதை விறுவிறுப்பாகும்போது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே முன்னால் சாய்ந்து கேட்பார். ஒரு நாள் புதிதாக வந்த தம்பி புத்தகத்தை அவர் மடியில் வைத்து, "இந்தப் பக்கம் நீங்க படிங்க பாட்டி" என்றான். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், மூடினார். "கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன் கண்ணு" என்றார். "பரவாயில்லை, என் கண்ணாடியைப் போட்டுக்கோங்க" என்று பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அன்போடு கழற்றி நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் புத்தகத்தைப் பக்கத்து மடிக்கு நகர்த்திவிட்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "முழங்கால் வலி" என்றார். திரும்ப வரவே இல்லை. அவரோடு ஒன்றாகச் சரிவில் இறங்கி வரும் பக்கத்து லைன் (தோட்டத்து வரிசை வீடுகள்) பெண்கள் இருவரும் நின்றுவிட்டார்கள். இங்கே யாரும் தனியாக வருவதில்லை, ஒருவர் மனம் கசந்தால் ஒரு லைனே போய்விடும்.

படிப்பவர் ஒருவர் அல்லது இருவர், அதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தானாகப் படிக்க விரும்புகிறவர் முந்தைய வாரமே தனியாகச் சொல்லட்டும். பிரதி கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள். வாசலில் வருகைப் பதிவேடு வைத்துக் கையெழுத்துக் கேட்பதும் இதே தவறுதான். கைநாட்டு வைக்கிறவர் எல்லார் முன்னாலும் மை தொட வேண்டும். பெயர்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்பவர் சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். சந்தையில் விற்ற 'பெரிய எழுத்து' நல்லதங்காள் கதையை ஒருவர் படிக்க, சுற்றி உட்கார்ந்து ஊரே கேட்டு அழுதிருக்கிறது. கோயில்களில் பாரதம் படித்ததும் அப்படித்தான். கூடிக் கேட்பது இவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பழக்கம்.

சாயங்காலம் வைப்பது

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் வசதி, பெரியவர்களுக்கு இல்லை. நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். வீட்டுக்குப் போகும் வழியை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர் காதில் கதை ஏறாது. காலை பதினோரு மணி நல்ல நேரம்: வெயில் வந்திருக்கும், சமையல் முடிந்திருக்கும். இடமும் படி ஏறாத இடமாக இருக்கட்டும்.

கத்திப் படிப்பது

வயதாகும்போது கீச்சென்ற மேல் ஒலிகள்தான் முதலில் காதில் விழாமல் போகின்றன. ச, ஸ, த போன்ற மெய்யெழுத்து ஒலிகள் அதில் அடிபடும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கத்தினால் இரைச்சல்தான் கூடும். கீச்சென்று ஏறாமல் சுருதியைத் தாழ்த்தி, நிறுத்தி, வாக்கியம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் படியுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம். உங்கள் முகம் இருட்டில் போய்விடும், உதட்டசைவு தெரியாது. கேட்கிறவர்களுக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். கண்புரை உள்ளவர்களுக்கு அந்தக் கூச்சம் பெரிய தொல்லை.

பக்தி நூல் மட்டும் படிப்பது

துப்பறியும் கதையும் கேட்கிறார்கள். படியுங்கள்.

"இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?"

கேட்காதீர்கள்.

கதை முடிந்ததும் டீயையும் வர்க்கியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தக் கொஞ்ச நேர மௌனத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "எங்க மாமியாரும் இப்படித்தான்" என்று யாராவது தொடங்குவார்கள்.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போவது

பழைய புத்தகங்களைப் பெட்டியில் கட்டி வந்து முதியோர் இல்லத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். பொடி எழுத்து, மங்கிய தாள். புள்ளி எது, கொம்பு எது என்றே தெரியாது. படிக்கத் தெரிந்தவர் கூட இரண்டு பக்கத்தில் மூடிவிடுவார். பெட்டியோடு நீங்களும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முடியாவிட்டால் பெட்டி வேண்டாம்.

சொல்லாமல் நின்றுவிடுவது

பரீட்சை, புது வேலை, கல்யாணம் என்று எல்லோருக்கும் ஒரு காரணம் வரும், அது தவறில்லை. ஆனால் நீங்கள் வருவீர்கள் என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தகவல் போக வேண்டும். அதனால்தான் தொடங்கும்போதே இரண்டு பேராகத் தொடங்கச் சொல்கிறேன். போகப் போவது தெரிந்ததும், உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரை நாலு வாரம் முன்பே அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் இரண்டு வாரம் அவர் கேட்கட்டும். மூன்றாம் வாரம் பாதிக் கதையை அவர் படிக்கட்டும்.