கிராண்ட் பேயில் நங்கூரம் போட வருகிறீர்களா?

மொரிசியஸின் வடக்குக் கரையில் உள்ள கிராண்ட் பேக்குள் பாய்மரப் படகைக் கொண்டுவர நல்ல நேரம் நடுப்பகல். காலையில் சுற்றுலா கேட்டமரான்கள் கொயின் டி மீர், இல் பிளாட் தீவுகளுக்கு வரிசையாகக் கிளம்பும், சாயங்காலம் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். இடையில் ஸ்பீட்போட்டுகளையும் பாராசெயிலிங் கயிறுகளையும் சமாளித்தால் போதும்.

வெளிச்சம் இன்னொரு காரணம். இங்கே மே முதல் அக்டோபர் வரை, அதாவது தென்கிழக்குக் காற்று சீராக அடிக்கும் நல்ல காலத்தில், மதியச் சூரியன் வடக்கே நிற்கும். குடாவின் வாயும் வடக்குப் பக்கம்தான், அதனால் உள்ளே வரும்போது வெயில் முதுகில் விழும், அடித்தரை பளிச்சென்று தெரியும். போலராய்டு கண்ணாடி போட்டு ஒருவர் முன்னால் நிற்கட்டும். வெளிர்நீலமாகத் தெரிந்தால் மணல், பழுப்பாகத் தெரிந்தால் பவளப்பாறை. பாறைமேல் நங்கூரத்தைப் போட்டுச் சங்கிலியால் அரைக்காதீர்கள், உங்கள் நங்கூரமும் சிக்கிக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நேரே இங்கே வரக் கூடாது. முதலில் போர்ட் லூயியில், நாட்டுக்குள் வர அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை ஏற்றி, சுங்கம், குடிவரவு எல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். தைப்பூசக் காவடி பார்க்க ஆசை என்றால் விமானத்தில் வருவதே மேல்: அன்று நாடு முழுக்க அரசு விடுமுறை, அதோடு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம்.

சரி, இடம் பார்த்தாயிற்று. ஆழம் 4 மீட்டர், நீரிலிருந்து படகின் முன்விளிம்பு 1 மீட்டர், ஓத ஏற்றத்துக்கு அரை மீட்டர், கூட்டினால் ஐந்தரை. அதைப் போல ஐந்து மடங்கு, சுமார் 28 மீட்டர் சங்கிலி விடுங்கள். கயிறு என்றால் ஏழு மடங்கு. ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே பாதிப் படகுகள் நிலையான மிதவைகளில் கட்டியவை, காற்று திரும்பினால் அவை இருந்த இடத்திலேயே சுழலும், நீங்களோ பெரிய வட்டம் போடுவீர்கள். கரைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கிறதே என்று அவற்றுக்கிடையே நுழைந்தால் ராத்திரி யாருடைய படகிலாவது போய் முட்டுவீர்கள், கொஞ்சம் தள்ளியே போடுங்கள்.

சங்கிலி முழுக்க நீண்டதும் எஞ்சினை மெதுவாகப் பின்னுக்கு ஓட்டி, சங்கிலியில் பாதத்தை லேசாக வைத்துப் பாருங்கள். தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடுகிறது, தூக்கி மறுபடி போட வேண்டியதுதான். அசையாமல் விறைத்து நின்றால், பக்கவாட்டில் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருக்கும் நம்முடைய சூரிய உதய சங்கம் கோயில், அதற்குப் பின்னால் ஒரு கம்பம், இப்படி. கால் மணி நேரம் கழித்தும் இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் தைரியமாகக் கரைக்குப் போகலாம்.

இருட்டியதும் பாய்மர உச்சியில் வெள்ளை விளக்கு கட்டாயம், ஆனால் ஸ்பீட்போட் ஓட்டுபவர் அவ்வளவு உயரம் அண்ணாந்து பார்க்க மாட்டார், ஆள் உயரத்தில் இன்னொரு விளக்கையும் தொங்கவிடுங்கள்.