பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவே பைக்கை நுழைக்காதீர்கள்

"லண்டனில் பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய தடத்திலேயே பைக் போகலாமாம், இங்கேயும் விட்டால் என்ன?" தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் எழுந்த பேச்சு இது. அங்கே 2009 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கி, 2012-இல் முக்கியச் சாலைகளில் நிரந்தரமாக்கினார்கள். அந்தத் தடங்களில் ஏற்கெனவே போய்வந்த சைக்கிள்காரர்கள் பலர் எதிர்த்தார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பஸ்ஸுக்கென்று கோடு போட்ட தடம் கிடையாது. ஆனால் பஸ், பைக், சைக்கிள் மூன்றும் தினமும் இடது ஓரத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. தடம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு: நின்ற பஸ்ஸுக்கு இடப்பக்கமாக நுழைவது. ஒருநாள் காலை வில்லுக்குறியில் பஸ் ஓரத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றது. இடுப்பில் அலுமினியச் சட்டியோடு மீன்கார அக்கா ஒருவர் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளிக்குள் ஒரு பைக் பாய்ந்தது. "மக்கா, நில்லு! ஆளு இறங்குது!" என்று கண்டக்டர் கத்தினார். பைக் நிற்கவில்லை. ஹேண்டில் சட்டியில் தட்டியது. அக்காவுக்கு அடி இல்லை. ஆனால் தார் ரோட்டில் சிதறிய சாளையைக் குனிந்து பொறுக்கும்போது அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

நம் பஸ்களின் படிகள் இடப்பக்கம்தான். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கூடையும் குழந்தையுமாக இறங்குகிறவர்கள் ஏராளம். பைக் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடும்; ஒரு பஸ்ஸின் நீளம் அவ்வளவு இல்லை. பிரேக்கைத் தொடுவதற்குள் பின்படி, முன்படி இரண்டையும் தாண்டியிருப்பீர்கள். முன்னால் போகும் வண்டி வலப்பக்கம் திரும்புவதற்காக நடுவுக்கு ஒதுங்கியிருப்பது போன்ற சில நேரங்கள் தவிர, இடப்பக்கமாக முந்துவது விதிப்படியும் தவறு. பின்னால் நில்லுங்கள். ஆள் இறங்க அரை நிமிடம்கூட ஆகாது.

ஓடும் பஸ்ஸின் இடப்பக்கமும் ஆபத்துதான். டிரைவர் வலது கோடியில் உட்கார்ந்திருப்பார். முன்படியை ஒட்டி வரும் பைக்கோ சைக்கிளோ அவர் கண்ணில் படாமலே போகலாம். பஸ் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியிலேயே வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். மூலையில் இடம் கிடக்கிறதே என்று நம்பி நுழைந்தவர் அதில் மாட்டிக்கொள்வார்.

சைக்கிளை ஹாரன் அடித்து ஒதுக்குவது இன்னொரு தவறு. பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிளில் புத்தகப்பையோடு போகும் பிள்ளை, பின்னால் அலறும் சத்தத்தில் திடுக்கிட்டால் ஹேண்டில் ஆடும். நமக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம். தண்ணீர் தேங்கிய குழியைச் சுற்றி சைக்கிள் சட்டென்று வலப்பக்கம் விலகத்தான் செய்யும். அந்த விலகலுக்கு இடம் விட்டுத்தான் முந்த வேண்டும். ஒரு மீட்டராவது வேண்டும். சைக்கிள்காரர்களும் சாலையோர ஓடையை ஒட்டியே போகவேண்டியதில்லை. அங்கேதான் மணலும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும். சற்று உள்ளே, நேர்கோட்டில் போனால் பின்னால் வருகிறவருக்குத் தெளிவாகத் தெரிவீர்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும்.

லண்டனை அப்படியே நகலெடுப்பதைப் பெருந்தவறாக நினைக்கிறேன். நம் நாட்டில் பதிவான வண்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று இருசக்கர வண்டிகள். பஸ் தடத்தில் பைக்கை விட்டால், அது அன்றைக்கே பைக் தடமாகிவிடும். பஸ் ஊர்ந்துதான் போகும், சைக்கிள் நசுங்கும். டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடம் போட்டார்கள். சைக்கிள் தடத்தில் பைக்குகள் புகுந்தன. பஸ் தடமும் நிலைக்கவில்லை. 2016-இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ இப்போது தேவை தடம் அல்ல. நிறுத்தத்தில் பஸ் ஓரத்தோடு ஒட்டி நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தில் பைக்கோ காரோ நிறுத்தாமல் இருந்தாலே, அந்த அக்கா இறங்கிய இடைவெளி இருக்காது.